கற்றல் குறிக்கோளும் வகுப்பறைத் திரையும்

(கரையோர ஊராட்சிகளின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் தேவனாம்பட்டினத்தில் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்கு அருகே, கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில், புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690ஆம் ஆண்டில் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கும்பெனியார் அக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, உடன்படிக்கையில் விசித்திரமான விதி ஒன்று இடம்பெற்றது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு விழும் தொலைவு வரையிலுள்ள ஊர்களெல்லாம் கும்பெனியாருக்கு உரியவை. அவ்வூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்னும் பெயரே பின்னாளில் வழங்கலாயிற்று. முதலில் சுட்டுவிட்டு, விழுந்த இடத்தை எல்லையென்று கொள்ளும் முறை, நிலம் தேடி வந்த வணிகருக்கு ஆதாயமாக இருந்திருக்கலாம். ஆனால் நம் பள்ளிகளிலும் அம்முறையே நெடுங்காலமாக நடந்து வருகிறது என்று சொன்னால் தாங்கள் வருந்தமாட்டீர்கள் என நம்புகிறேன். பாடத்தை நடத்துகிறோம், அது குழந்தையின் உள்ளத்தில் எங்கே சென்று விழுந்ததோ, அதுவரைக்கும் கற்றல் நிகழ்ந்தது என்று வைத்துக்கொள்கிறோம். வகுப்பறைக்குள் திரையும் கணினியும் வந்துவிட்ட இந்நாளில் இவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றுவிடுமோ என்னும் கவலையே என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

நான் ஆசிரியன் அல்லேன். ஆயினும் எங்கள் அலுவலகத்திற்கும் உங்கள் பள்ளிகளுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபொழுது, தொடக்கக் கல்வியும் அவற்றின் பொறுப்பில் வந்தது. ஆசிரியர் நிர்வாகம் பின்னர்க் கல்வித் துறையிடம் சென்றுவிட்ட போதிலும், ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்னும் பெயர்ப் பலகை இன்றும் இருக்கிறது. கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை, சமையற்கூடம் ஆகியவற்றிற்காக நாங்கள் உங்கள் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறோம். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். ஒரு சிற்றூருக்குக் குடிநீர்த் திட்டம் வகுக்க வேண்டுமென்றால், பொறியாளர் முதலில் மோட்டாரைப் பற்றி நினைப்பதில்லை. ஊரில் எத்தனை பேர் இருக்கின்றனர், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் சேர வேண்டும் என்பதே முதற்கணக்கு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் அந்த அளவு ஆளுக்கு 55 லிட்டர். ஊரில் 1,200 பேர் இருந்தால் நாளொன்றுக்கு 66,000 லிட்டர். அவ்வளவு நீர் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் விழ வேண்டுமென்பதை உறுதி செய்துகொண்ட பிறகே, குழாயின் விட்டம், தொட்டியின் கொள்ளளவு, மோட்டாரின் குதிரைத்திறன், கிணற்றின் ஊற்று என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி வருகிறார்கள். கிடைத்த மோட்டாரை முதலில் பொருத்திவிட்டு, எந்தத் தெருவுக்கு நீர் வருகிறதென்று பார்ப்போம் என எந்தப் பொறியாளரும் மதிப்பீடு எழுதமாட்டார். எழுதினாலும் நான் கையெழுத்திடேன்.

கல்வியிலும் இக்கருத்து பழையதே. 1949இல் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர், பாடத்திட்டம் வகுப்போர் முதலாவதாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பள்ளி அடைய நினைக்கும் நோக்கம் யாது என்பதே என்று எழுதினார். 1998இல் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்னும் இருவர் இதனை மேலும் விளக்கி, பின்னோக்கித் திட்டமிடும் முறையாக வகுத்தனர். பாடம் முடியும்போது குழந்தைக்கு எது கைவர வேண்டும் என்று முதலில் முடிவு செய்தல்; அது கைவந்தது என்பதற்கு எதைச் சான்றாகக் கொள்வது என்று இரண்டாவதாக முடிவு செய்தல்; பாடம் நடத்தும் விதத்தையும் அதற்கு வேண்டிய கருவிகளையும் அதன் பிறகே நினைத்தல். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்கி, நேரம் இருந்தால் இரண்டாவதற்கு வருகிறோம்.

தமிழகத்தில் இம்முறைக்கு மிக அருகில் வந்த முயற்சி, 2022 ஜூன் மாதம் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் எனலாம். கொள்ளை நோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் எழுத்தறிவும் எண்ணறிவும் பின்தங்கிய குழந்தைகளை மனத்திற்கொண்டு, 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்று குறிக்கோள் முதலில் வரையறுக்கப்பட்டது. குழந்தைகளின் நிலையைச் சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்றவாறு பாடமும் பயிற்சி நூலும் அமைத்தனர். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம் பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குறித்த ஆண்டு கடந்துவிட்டது. உங்கள் பள்ளியில் அக்குறிக்கோள் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை அறிக்கைகளைவிட உங்கள் வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களே நன்கு சொல்லும். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதே காலத்தில் கருவிகளும் ஏராளமாக வந்து சேர்ந்தன. 2018இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் விரைவுக் குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் காணொளி திறக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் பின்னர் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கென 22,931 திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்கென 79,723 கைக்கணினிகளும் திட்டமிடப்பட்டன. இவையனைத்தும் மக்களின் வரிப்பணம். தனியார் பள்ளியில் பணம் கட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் வசதி மீனவர் வீட்டுக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டுமென்ற எண்ணம் போற்றத்தக்கது. அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை.

ஆனால் திரை வந்த வகுப்பறையில் நான் பலமுறை கண்டது என்ன? கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய காணொளி ஓடுகிறது. திமிங்கிலம் பாய்கிறது, சுறா வாயைப் பிளக்கிறது, குழந்தைகள் கைதட்டுகிறார்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரை அணைகிறது. அவர்கள் வஞ்சிரத்தையும் சங்கராவையும் திருக்கையையும் அந்தக் காணொளி எடுத்தவரைவிட நன்றாக அறிந்தவர்கள். அக்குழந்தைகளுள் ஒருத்தியை அழைத்து, சுவரில் ஒட்டியிருந்த வானிலை அறிவிப்பைப் படிக்கச் சொன்னேன். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பதில் ‘மீனவர்கள்’ வரை வந்து நின்றுவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் பெண். கூட்டத்திற்கு வந்திருக்கும் தாய்மார்கள் அறிவார்கள்: கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாளில், அந்த ஒரு வரியைப் படித்துத் தகப்பனாருக்குச் சொல்லக்கூடிய பிள்ளை வீட்டில் இருப்பதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்று. அவ்வறிவிப்பைத் தங்குதடையின்றிப் படித்துப் பொருள் சொல்வதையே குறிக்கோளாக அந்த ஆசிரியர் வைத்திருப்பாரானால், அந்தப் பதினைந்து நிமிடத்தை வேறு விதமாகச் செலவிட்டிருப்பார். திரையையும் பயன்படுத்தியிருக்கலாம்: அறிவிப்பின் எழுத்துகளைப் பெரிதாகக் காட்டி, ஒவ்வொருவராக வந்து தொட்டுப் படிக்கச் செய்வதற்கு.

கணக்குப் பாடத்தில் இம்முறை எவ்வாறு நடக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். விடை 25. ஆனால் பல குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவினால் நேர்வதன்று. 2இலிருந்து 7 போகாது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு 5இலிருந்து 2 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று எப்போதோ சொல்லிக்கொடுத்ததை அவர்கள் விசுவாசமாகப் பின்பற்றுகிறார்கள். ஆகவே குறிக்கோளை ‘கழித்தல் பாடம் நடத்துதல்’ என்று எழுதினால் பயனில்லை. ‘பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கிக் கழிக்கவும், ஏன் அவ்வாறு செய்தோம் என்று சொல்லவும் குழந்தையால் முடிய வேண்டும்’ என்று எழுத வேண்டும். சான்று எது? பலகையில் மூன்று கணக்குகள். கடைக்கு 52 ரூபாய் கொண்டுபோய் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று வாய்மொழியாக ஒன்று. 35 என்று தவறாக முடித்த கணக்கைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வது ஒன்று. கடைசியாகச் சொன்னதே உண்மையான பரீட்சை என்பது என் கருத்து. முறையை மனப்பாடம் செய்தவன் அதில் அகப்பட்டுக்கொள்வான், புரிந்தவன் தப்புவான்.

இவ்வளவும் முடிவான பிறகு பாடத்திற்கு வருவோம். தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் குழந்தையின் கையில் கொடுத்து, 27 எடுத்துத் தரச் சொன்னால், ஏழு குச்சி வேண்டும்போது அவனாகவே ஒரு கட்டை அவிழ்ப்பான். அவிழ்க்கும் அந்தக் கணத்தில்தான் கற்றல் நிகழ்கிறது. திரையில் ஒரு பொம்மை வந்து கட்டை அவிழ்த்துக் காட்டினால் அவிழ்த்தது பொம்மையே அன்றிக் குழந்தை அன்று. அப்படியானால் இப்பாடத்தில் திரைக்கு வேலையே இல்லையா? உண்டு. 35 என்று எழுதிய பலகையைக் கைக்கணினியில் படம் பிடித்து, எழுதியவர் பெயரை மறைத்து, திரையில் பெரிதாகக் காட்டி, இது சரியா என்று வகுப்பைக் கேட்கலாம். நான்கு நிமிட வேலை. கைக்கணினியில் பதியும் மதிப்பீட்டிலிருந்து, எந்தெந்தக் குழந்தைகள் இதே பிழையைச் செய்தனர் என்று பார்த்து, மறுநாள் அவர்களை மட்டும் ஒன்றாக உட்கார்த்தலாம். மாவட்ட அலுவலகத்திற்கு அனுப்புவதற்காகவே மதிப்பெண் பதிகிறோம் என்று எண்ணுவோர் இப்பயனை இழந்துவிடுகிறார்கள்.

விலை உயர்ந்த கருவிதான் நல்ல கருவி என்று நினைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1789 முதல் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்தி வந்தார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னேறிய சிறுவன் பின்தங்கியவனுக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்ந்து அது இங்கிலாந்து வரை சென்று ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்றது. எழுத்தின் வடிவம் கைக்குப் பழக வேண்டும் என்ற குறிக்கோளுக்கு மணல் மிகப் பொருத்தம். அழிக்கலாம், மீண்டும் எழுதலாம், செலவில்லை. இக்கடற்கரையில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

அண்மைக் காலத்திலும் ஒரு படிப்பினை உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 அளவில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். ரிஷிவாலியில் உருவான முறையைத் தழுவி, கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகப் பிரித்து ஏணியாக அமைத்து, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் செய்தார்கள். அமைப்பைப் பார்த்தால் குறிக்கோளிலிருந்து பின்னோக்கி வந்ததுதான். ஆனால் நாளடைவில் சில இடங்களில் அட்டையை முடிப்பதே குறிக்கோளாகிவிட்டது. குழந்தை எத்தனையாவது அட்டையில் இருக்கிறது என்று தெரிந்தது. அட்டையிலிருந்ததைப் புத்தகத்தில் கண்டால் படிக்குமா என்று தெரியவில்லை. இன்று அட்டையின் இடத்தில் காணொளி வந்திருக்கிறது. ‘எத்தனை மணி நேரம் திரை ஓடிற்று’ என்று பதிவேடு கேட்கத் தொடங்கினால் அதே கதைதான் நடக்கும்.

இனி, இந்த ஊரில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட முடியாத ஒரு பாடம். 2004 டிசம்பர் 26 காலையில் இக்கரைக்கு நேர்ந்ததைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தை அப்போது பிறக்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோதும் பிறக்கவில்லை. அவர்களுக்கு ஆழிப்பேரலை என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. பேரிடர் பற்றிய பாடம் வரும்போது ஆசிரியர் என்ன செய்வார்? அலை வந்து மோதும் காணொளிகள் எண்ணற்றவை கிடைக்கின்றன. போட்டுக் காட்டுவது எளிது. வகுப்பு மூச்சை அடக்கிப் பார்க்கும். சில குழந்தைகள் இரவில் உறங்கமாட்டார்கள். அதனால் அவர்கள் எதைக் கற்றார்கள்?

முடிவிலிருந்து வருவோம். அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேலாயிற்று. அந்த நேரத்தில் சொல்வார் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. இனி எச்சரிக்கை வரும். வந்தால் குழந்தை செய்ய வேண்டியது யாது? வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்கு ஓடாதிருத்தல். ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் போகாதிருத்தல். வீட்டிலுள்ள முதியவரையும் தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு, எந்தத் தெரு வழியாக உள்நிலத்திலுள்ள மேட்டுக்கோ, உறுதியான மாடிக் கட்டடத்திற்கோ செல்வது என்று அறிந்திருத்தல். முதல் அலை போனதும் திரும்பாதிருத்தல், ஏனெனில் பின்னால் வரும் அலை அதனினும் பெரிதாக இருக்கக்கூடும். கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று மட்டும் கற்பிப்பதும் போதாது. ஒவ்வொரு முறையும் கடல் உள்வாங்கும் என்று சொல்ல முடியாது.

இதற்குச் சான்று எழுத்துத் தேர்வு ஆகாது. தன் வீட்டிலிருந்து பாதுகாப்பான இடம் வரைக்கும் உள்ள வழியைக் குழந்தை தாளில் வரைந்து காட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் அந்த வழியே நடந்தும் காட்ட வேண்டும். வரைந்த வழிக்கும் நடந்த வழிக்கும் வேறுபாடு தெரியும். குறுக்கே ஒரு கால்வாய் இருக்கும், ஒரு பூட்டிய வாயில் இருக்கும். அவற்றை எங்களிடம் சொல்லுங்கள். அது ஊராட்சியின் வேலை.

இந்தப் பாடத்தில்தான் திரையின் அருமை விளங்கும். செயற்கைக்கோள் எடுத்த வரைபடத்தைத் திரையில் விரித்து, தன் ஊரைப் பெரிதாக்கிக் காட்டினால், குழந்தைகள் தங்கள் கூரையைத் தேடுவார்கள். படகுத்துறை, கோயில், பள்ளி, ஆற்றின் முகத்துவாரம், மேற்கே செல்லும் சாலை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவை அளந்து காட்டலாம். கரும்பலகையாலும் பாடநூலாலும் இதைச் செய்ய இயலாது. அலையின் காணொளிக்கு இப்பாடத்தில் இடம் இருக்கிறதா? ஒரு நிமிடம் போதும் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று முடிவு செய்யும் ஆசிரியரோடும் நான் வழக்காடமாட்டேன்.

இவ்வாறெல்லாம் திட்டமிட நேரம் ஏது, இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறோமே என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பாடங்களுக்கும் இவ்வாறு செய்யச் சொல்லவில்லை. வாரத்திற்கு ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். உண்மையில், பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளிக்குத்தான் இது மிகவும் உதவும். ஒரு பிரிவுக்குத் திரையில் கதை ஓடும்போது மற்றொரு பிரிவோடு ஆசிரியர் உட்காரலாம். ஆனால் கதை முடிந்ததும் அக்குழந்தைகள் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தால் மட்டுமே அது பாடம். இல்லாவிடில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருப்பதற்கான உபாயம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் நடக்கும் நல்லவை எல்லாவற்றையும் முன்கூட்டியே குறிக்கோளாக எழுதிவிட முடியாது. ஆசிரியர் கதை சொல்லும்போது ஒரு சிறுவன் கேட்கும் கேள்வி பாடத்தை வேறெங்கோ இழுத்துச் செல்லும். அங்கே போகத்தான் வேண்டும். பாட்டுக்கும் சித்திரத்திற்கும் சான்று கேட்டுத் தொல்லை செய்ய வேண்டியதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு வரும்போது ‘டிவி ஓடுகிறதா’ என்று கேட்கிறீர்கள். அத்துடன், ‘இந்த மாதம் என் பிள்ளை புதிதாக எதைப் படிக்கும், எந்தக் கணக்கைப் போடும்?’ என்றும் கேளுங்கள். ஆசிரியர் சொல்லும் பதிலை வீட்டில் சோதித்துப் பார்க்க உங்களுக்குப் படிப்பு வேண்டியதில்லை. ரேஷன் கடை ரசீதும் மீன் விற்ற கணக்கும் போதும்.

எங்கள் பங்குக்கு வருகிறேன். கரையோரப் பள்ளிகளில் உப்புக் காற்றினால் மின் இணைப்பு முனைகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. திரை இருக்கும் அறையின் சன்னல்களையும், நில இணைப்புக் கம்பியையும், மழை ஒழுகும் கூரையையும் மழைக்காலத்திற்கு முன் ஒன்றியப் பொறியாளர் பார்வையிடுவார். இணையம் வராத பள்ளிகள், வாரப் பாடத்திற்கு வேண்டியவற்றை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ள, வட்டார வள மையத்தில் ஏற்பாடு செய்யுமாறு கேட்டிருக்கிறோம். வெளியேறும் வழிகளைக் குழந்தைகள் வரைந்த தாள்களைத் தலைமையாசிரியர்கள் திரட்டித் தந்தால், அடுத்த கிராம சபையில் அவற்றை வைத்து, அடைபட்டிருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசலாம். தாள்களில் பெயரும் தெருவும் மறவாமல் எழுதச் சொல்லுங்கள்.